நிலக்கரிக் கப்பல் சுமந்த காந்தம்



கடற்போரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பீரங்கிக் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் சுற்றியே நடக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ‘போர்ட்’ என்ற பெயருடைய சிறிய சரக்குக் கப்பல். கொள்ளளவு சுமார் 2,000 டன். 1921இல் கட்டப்பட்டது. 1939ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படை இதை எடுத்து, உள்ளே 400 டன் எடையுள்ள மின்காந்தத்தைப் பொருத்தி, காந்தக் கண்ணிகள் கிடக்கும் கடலுக்குள் அனுப்பியது. போர் வரலாற்று நூல்களில் இதற்கு ஒரு வரி கிடைக்கும். சிலவற்றில் அதுவும் இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆபத்து என்ன என்று முழுதாகப் புரிவதற்கு முன்பே அதற்குள் போனவர்களுக்கு வரலாற்றில் உரிய இடம் வேண்டும் என்பதே என் கட்சி.

கடற்கண்ணி ஏதோ ஐரோப்பியக் கடலின் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். முதல் உலகப் போரில் அது நம் வாசல்வரை வந்தது. பிரேமன் நகரத்து ஹன்சா கம்பெனி போருக்கு முன் இந்தியத் துறைமுகங்களுக்குச் சரக்குக் கப்பல்கள் ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் கப்பல்களில் ஒன்றான ‘வாக்ட்ஃபெல்ஸ்’, போர் வந்ததும் ஜெர்மன் கடற்படைக்குப் போய் ‘வோல்ஃப்’ ஆனது. வெளிப்பார்வைக்குச் சாதாரணச் சரக்குக் கப்பல். உள்ளே நூற்றுக்கணக்கான கண்ணிகள். 1917 பிப்ரவரியில் அது கொழும்புக்கு வெளியே கண்ணிகளை விதைத்துவிட்டுப் போனது. அதே மாதத்தில் ‘வோர்ஸ்டர்ஷயர்’, ‘பெர்சியஸ்’ என்ற இரண்டு கப்பல்கள் அங்கே மூழ்கின. சரக்குக் கப்பலை வைத்துக் கண்ணி விதைக்க முடியும் என்பதை இந்தியப் பெருங்கடல் அப்போதே பார்த்துவிட்டது. அதே மாதிரியான கப்பலை வைத்துக் கண்ணியை அழிக்கவும் நேர்ந்த கதைதான் ‘போர்ட்’.

வோல்ஃப் விதைத்தவை பழைய பாணிக் கண்ணிகள். கடலடியில் ஒரு பாரம், அதிலிருந்து மேலே ஒரு கம்பி, கம்பியின் நுனியில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதக்கும் இரும்புக் குண்டு. கப்பல் மோதினால் வெடிக்கும். இதை அகற்றும் முறை நம் கரையோர மக்களுக்குச் சொல்லாமலே புரியும். இரட்டைமடி வலையை இரண்டு படகுகள் சேர்ந்து இழுப்பதுபோல, இரண்டு கப்பல்கள் ஒரு கம்பியை நடுவில் இழுத்துச் செல்லும். அது கண்ணியின் கம்பியை அறுக்கும். குண்டு மேலே மிதந்து வரும். துப்பாக்கியால் சுட்டு வெடிக்க வைப்பார்கள், அல்லது மூழ்கடிப்பார்கள். இந்த வேலைக்கு மீன்பிடி டிராலர்களையும் மீனவர்களையுமே பிரிட்டன் பெரும்பாலும் நம்பியிருந்தது. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது இந்த வித்தை அவர்களுக்குக் கைவந்த கலை.

ஆனால் அந்த இலையுதிர்காலத்தில் வெடித்தவை கம்பியில் சிக்காத கண்ணிகள். டிராலர்கள் வாரிவிட்டுப் போன பாதையிலேயே கப்பல்கள் மூழ்கின. நவம்பர் 18 அன்று ஹார்விச் துறைமுகத்துக்கு அப்பால் டச்சுப் பயணிகள் கப்பல் ‘சைமன் பொலிவார்’ போனது. 21 அன்று ஜப்பானிய ‘தெருகுனி மாரு’ போனது. ஜப்பான் அப்போது போரில் இல்லை, நடுநிலை நாடு. அதே நாளில் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் ‘பெல்ஃபாஸ்ட்’ என்ற புத்தம்புதுப் போர்க்கப்பலுக்கு அடிபட்டது. லண்டன் போனவர்கள் தேம்ஸ் நதியில் டவர் பாலத்தருகே அருங்காட்சியகமாக நிற்கும் அந்தக் கப்பலைப் பார்த்திருப்பார்கள். அதன் உடலில் விழுந்த ஓட்டை சிறியதுதான். ஆனால் கப்பலின் முதுகெலும்பான ஏரா வளைந்து போனது, உள்ளிருந்த பொறிகள் இடம்பெயர்ந்தன. பழுதுபார்த்துத் திரும்பக் கடலுக்கு வர 1942 நவம்பர் ஆயிற்று. கண்ணி கப்பலைத் தொடவே இல்லை. அடியில் எங்கோ கிடந்து வெடித்திருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் கண்ணிகளுக்குப் பலியான வணிகக் கப்பல்கள் 27. மொத்தம் ஏறத்தாழ 1,20,000 டன். லண்டனுக்குள் வரும் மூன்று ஆழ்வழிகளில் ஒன்று மட்டுமே திறந்திருந்தது.

அந்த நகரம் கடலை நம்பி எப்படி வாழ்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனின் மின்நிலையங்களும் எரிவாயு ஆலைகளும் எரித்த நிலக்கரியில் பெரும்பங்கு, வடக்கே டைன் நதிக்கரையிலிருந்து கப்பலில் வந்தது. ரயிலால் அவ்வளவையும் சுமக்க முடியாது. கிழக்குக் கரையோரம் வரிசையாக இறங்கிவரும் நிலக்கரிக் கப்பல்கள் நின்றுபோனால் லண்டனில் அடுப்பும் எரியாது, விளக்கும் எரியாது.

இங்கே ஒரு கசப்பான விஷயம். காந்தத்தால் வெடிக்கும் கண்ணியைப் போரில் முதலில் பயன்படுத்தியது ஜெர்மனி அல்ல, பிரிட்டனே. 1918இல் ஃபிளாண்டர்ஸ் கரையோரம் அதைப் போட்டார்கள். கையில் அந்த அனுபவம் இருந்தும், அப்படி ஒன்று எதிரியிடமிருந்து வந்தால் எப்படி வாருவது என்பதற்கான கருவி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் கடற்படைக்குள் தயாராக இல்லை. ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது என்பார்கள். ஒரு ஆயுதத்தைச் செய்யத் தெரிந்தவர்கள் அதன் மாற்று மருந்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் சரக்குக் கப்பல் மாலுமிகள்.

1939 நவம்பர் 22 இரவு தேம்ஸ் கழிமுகத்தில் ஷூபரினஸ் என்ற இடத்தில் ஒரு ஜெர்மன் விமானம் பாராசூட்டில் எதையோ போட்டது. கப்பல் ஓடும் வழியில் விழ வேண்டியது, நீர் வற்றும் சேற்றுத்திட்டில் விழுந்தது. போர்ட்ஸ்மத்திலிருந்த ‘வெர்னன்’ கடற்படை நிலையத்திலிருந்து லெப்டினன்ட் கமாண்டர் ஜான் ஊவ்ரியும் ரோஜர் லூயிஸும் வந்தார்கள். இரவிலேயே கைவிளக்கோடு சேற்றில் நடந்து போய்ப் பார்த்தார்கள். சுமார் இரண்டு மீட்டர் நீள உருளை. உள்ளே ஏறத்தாழ 300 கிலோ வெடிமருந்து. அதன் மூடித் திருகின் வடிவத்தைக் காகிதத்தில் பிரதியெடுத்து, அதற்குப் பொருந்தும் கருவியைக் காந்தம் ஒட்டாத பித்தளையில் அங்கேயே செய்து வாங்கினார்கள். மறுநாள் மதியம் ஊவ்ரியும் பால்ட்வின் என்ற மூத்த மாலுமியும் கண்ணியருகே போனார்கள். லூயிஸும் வியர்ன்கூம் என்ற மாலுமியும் தள்ளி நின்றார்கள். அடுத்து எந்தத் திருகைத் தொடப்போகிறார் என்பதை ஊவ்ரி ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவர் வெடித்துச் சிதறினால், எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டும். கண்ணி திறந்தது. பால்ட்வின் அடுத்த ஆண்டே வேறொரு கண்ணியைப் பிரிக்கப் போய் உயிரிழந்தார்.

வெர்னனில் அதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளிருந்த ரகசியம் எளிமையானது. இரும்புக் கப்பல் எதுவும் பூமியின் காந்தப் புலத்தில் வெகுநாள் கிடந்து தானே ஒரு காந்தமாகிவிடுகிறது. கண்ணிக்குள் ஒரு காந்த ஊசி. கப்பல் மேலே வரும்போது செங்குத்தான காந்தப் புலம் ஏறத்தாழ 50 மில்லிகாஸ் மாறினால் ஊசி புரண்டு மின்சுற்றை மூடும். பூமியின் புலத்தோடு ஒப்பிட்டால் இது சுமார் பத்தில் ஒரு பங்கு. எந்தத் திசையில் மாற வேண்டும் என்பதும் தெரிந்தது. அதுவரை ஊகமாக இருந்தது அன்று அளவாக மாறியது.

அளவு தெரிந்துவிட்டால் கருவி உடனே வந்துவிடுமா? கடலில் நாள்தோறும் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்தி வைத்துவிட்டு ஆராய்ச்சி செய்ய முடியாது. உடனே கைக்கு எட்டிய வழி, எல்லாவற்றிலும் முரட்டுத்தனமான வழி. கப்பலைவிடப் பலமடங்கு வலுவான காந்தத்தை ஒரு கப்பலிலேயே ஏற்றி, கப்பல் வருவதற்கு முன்பே அதன் காந்தப் புலம் கண்ணியைப் போய்த் தொடும்படி செய்வது. ‘போர்ட்’ அதற்காகத்தான்.

இதில் உள்ள பௌதிகத்தைப் பொறியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். காந்தத்தின் புலம் தூரத்தின் மும்மடியில் குறையும். தூரம் இருமடங்கானால் வலு எட்டில் ஒன்று. கண்ணியைக் கப்பலிலிருந்து பாதுகாப்பான தூரத்தில் வெடிக்க வைக்க வேண்டுமானால் காந்தத்தின் வலுவை அசாத்தியமான அளவுக்கு ஏற்ற வேண்டும். 400 டன் காந்தத்தை ஏற்றியும் கிடைத்த இடைவெளி போதவில்லை. எடையை இரட்டிப்பாக்கினாலும் தூரம் ஏறத்தாழ கால் பங்குதான் கூடும், அதோடு கப்பலே தாங்காது. ஆகவே கண்ணி, கப்பலின் முன்முனையான அணியத்துக்குச் சற்று முன்னே, சில சமயம் கப்பலை ஒட்டியே வெடிக்கும். அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு முன்னேறுவதுதான் அந்தக் கப்பலுக்கு இடப்பட்ட வேலை.

இதற்கு நிலக்கரிக் கப்பல் ரகத்தைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் இருந்தது. நிலக்கரி ஏற்றும் கப்பலில் நடுத்தளங்கள் கிடையாது. அகலத் திறந்த வாயும் ஆழமான சரக்கறையும் உண்டு. நானூறு டன்னை மேலிருந்து அப்படியே இறக்கலாம். கனமான சரக்கை அடியில் சுமந்தே பழகிய உடல் அது. தேம்ஸின் மணல்திட்டுகளுக்கிடையே ஆழம் குறைந்த வழிகளில் ஓடித் தேர்ந்த கப்பல் வகை. காந்தக் கண்ணி கிடப்பதும் அதே ஆழம் குறைந்த வழிகளில்தான். ஆழம் கூடினால் ஊசிக்குக் கப்பல் தெரியாது. வாழ்நாளெல்லாம் எந்தப் பாதையில் கரி சுமந்து ஓடினவோ அந்தப் பாதையைத் துப்புரவு செய்யவே இப்படிப்பட்ட கப்பல்கள் திரும்பி வந்தன.

நீருக்கடியில் 300 கிலோ மருந்து வெடித்தால் என்ன ஆகும் என்று சற்று விரிவாகச் சொல்கிறேன்; இந்த வேலையின் கடுமை அப்போதுதான் புலப்படும். முதலில் வருவது அதிர்வலை. தண்ணீர் எளிதில் அமுங்காத பொருள் என்பதால் அந்த அடி காற்றில் வருவதுபோல் மங்காமல் நேரே இரும்புத் தகட்டில் விழும். அதை அடுத்து வெடிப்பின் வாயு ஒரு பெரிய குமிழாக ஊதி, சுருங்கி, மீண்டும் ஊதும். ஒவ்வொரு ஊதலிலும் கப்பல் முழுதும் நடுவில் தூக்கி எறியப்பட்டு மீண்டும் தொய்யும். பெல்ஃபாஸ்டின் ஏராவை வளைத்தது இந்த அசைவுதான். எஞ்சின் அறையில் வார்ப்பிரும்பால் செய்த எதுவும் இதற்குத் தாங்காது. பம்புகளின் பாதங்கள், வால்வுகளின் உடல், எஞ்சினைப் பிடித்திருக்கும் தாங்கிகள் எல்லாம் வளையாமல் நேராக விரிசல் விடும். சரக்குக் கப்பல்களில் இவை அநேகமாக வார்ப்பிரும்புதான். விலை மலிவு, சமாதான காலத்துக்குப் போதுமானது. பல்புகள் நொறுங்கும். ஜெனரேட்டர் நின்றால் காந்தமும் செத்துவிடும். அப்போது அந்தக் கப்பல் கண்ணிகள் நடுவே நிற்கும் வெறும் சரக்குக் கப்பல். தளத்தில் நிற்பவர் காலை விறைப்பாக ஊன்றியிருந்தால் கணுக்கால் ஒடியும். கண்ணி வாரும் கப்பல்களில் முழங்காலைச் சற்று மடக்கி நிற்பது அதனால்தான் வழக்கமாயிற்று. போர்க்கப்பல் இத்தகைய அடியை ஒருமுறை வாங்கினால் விபத்து. போர்ட்டுக்கு அது பணி. ஒன்று வெடித்ததும் அடுத்ததைத் தேடிப் போக வேண்டும். போதாக்குறைக்கு, நானூறு டன் காந்தம் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் திசைகாட்டியை நம்பவே முடியாது. மிதவைகளையும் கரை அடையாளங்களையும் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். வட கடலின் குளிர்கால மூடுபனியில் இது எவ்வளவு கடினம் என்பதைக் கப்பலில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள்.

1940இன் தொடக்கத்தில் போர்ட் கண்ணிகளை வெடிக்க வைக்கத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜனவரியில் வானிலிருந்தும் ஒரு முயற்சி நடந்தது. வெல்லிங்டன் விமானத்தின் மூக்கிலிருந்து இறக்கை வழியாக வால்வரை 48 அடி விட்டமுள்ள மின்வளையத்தைச் சுற்றி, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 60 அடியில் பறந்தார்கள். ஜனவரி 8 அன்று அது முதல் கண்ணியை வெடிக்க வைத்தது. இந்த இரண்டும் இடைக்கால ஏற்பாடுகள். நிரந்தர விடை ஒரு பூங்காவில் தயாராகிக்கொண்டிருந்தது. சவுத்சீ ஊரில் சிறுவர்கள் படகு விடும் உப்புநீர்க் குளம் ஒன்று உண்டு. கனோ லேக் என்று பெயர். சார்லஸ் குட்ஈவ் என்ற கனடாக்காரரும் அவர் சகாக்களும் அதில் கம்பிகளை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு கப்பல்கள் இணையாகப் போகும்; ஒவ்வொன்றின் பின்னாலும் நீளமாக ஒன்றும் குட்டையாக ஒன்றுமாக இரண்டு மிதக்கும் கேபிள்கள். அவற்றின் நுனிகள் வழியே மின்சாரம் கடல்நீருக்குள்ளேயே பாயும். நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து வினாடி, சுமார் 3,000 ஆம்பியர். கண்ணி, கப்பலுக்கு வெகு தூரத்தில் பின்னால் வெடிக்கும். கேபிளை மிதக்க வைப்பதுதான் பெரிய சவாலாக இருந்தது. கேபிள் கம்பெனிகள் அதைத் தீர்த்தன. இன்னொரு பக்கம், கப்பல்களின் உடலைச் சுற்றிக் கேபிள் கட்டி அவற்றின் காந்தத்தையே அழிக்கும் முறையும் வந்தது. கேபிள் கட்ட அவகாசம் இல்லாத கப்பல்களை வலுவான மின்சாரக் கம்பியால் துடைத்து அனுப்பினார்கள். பிரான்சின் டன்கர்க் கரையிலிருந்து படையினரை மீட்கப் போன கப்பல்களில் பலவும் அப்படித் துடைக்கப்பட்டவை.

1940 வசந்தத்திலிருந்து கேபிள் முறையே முதல் ஆயுதமாயிற்று. காந்தக் கப்பலின் தேவை குறைந்தது. ஆனால் அந்தக் குளிர்கால வாரங்களில், நிரந்தர விடை குளத்தில் மிதந்துகொண்டிருந்தபோது, கடலுக்குள் போனது அதுதான். அந்த வாரங்கள் கிடைக்காமல் போயிருந்தால் குளத்தில் ஆராய்ச்சி செய்ய அவகாசம் ஏது?

போர்ட்டுக்குப் பின்னாலும் இதே போன்ற கப்பல்கள் வந்தன. ‘கார்பர்ன்’, ‘கார்ஃபீல்டு’ ஆகியவை வில்லியம் கோரி என்ற நிலக்கரி வணிகக் கம்பெனியின் கப்பல்கள். ‘குவீன்வொர்த்’தும் கரி சுமந்த கப்பலே. 1940 மே மாதத்தில் கார்பர்ன், பிரான்சின் லஹாவ்ர் துறைமுகத்துக்கு அப்பால் கண்ணி வெடித்து மூழ்கியது. 1941 மே மாதத்தில் வட கடலில் குவீன்வொர்த்தை விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஹம்பர் நதி முகத்துக்கு அப்பால் கார்ஃபீல்டு கண்ணிக்கு இரையானது. கண்ணியைத் தேடிப் போன கப்பலைக் கண்ணி கொல்வது ஏன் என்றால், எதிரியும் சும்மா இருக்கவில்லை. காந்தத் திசையை மாற்றினார்கள். முதல் சில கப்பல்களை எண்ணி விட்டுவிட்டு அதற்கு அடுத்த கப்பலுக்கு வெடிக்கும் எண்ணி ஒன்றைப் பொருத்தினார்கள். 1940 இலையுதிர்காலத்தில் ப்ரொபெல்லர் ஓசைக்கு வெடிக்கும் கண்ணியையும் இறக்கினார்கள். அதற்கு மாற்றாக, சாலையை உடைக்கும் மின் சுத்தியலைப் பெட்டிக்குள் வைத்து அணியத்தில் தொங்கவிட்டு நீருக்கடியில் இரைய வைத்தார்கள்.

ஜெர்மானியர்களும் இதே வழியில் நடந்தார்கள், இன்னும் பெரிய அளவில். ‘ஸ்பெர்பிரெஹர்’ என்று அவர்கள் அழைத்த கப்பல்கள் நூற்றுக்கு மேல். பெரும்பாலும் சரக்குக் கப்பல்கள். அடிபட்டாலும் மிதக்க வேண்டும் என்பதற்காகச் சரக்கறைகளை மிதக்கும் பொருள்களால் நிரப்பினார்கள். அணியத்தில் காந்தச் சுருளைப் பொருத்தினார்கள். பிரான்சின் அட்லாண்டிக் துறைமுகங்களிலிருந்து நீர்மூழ்கிகள் புறப்படும்போது இவை முன்னால் போய் வழி ஏற்படுத்திக் கொடுக்கும். பிரிட்டிஷ் விமானங்கள் அங்கே கண்ணி விதைப்பதற்குத் ‘தோட்ட வேலை’ என்று பெயர் வைத்திருந்தன. அந்தக் கப்பல்களில் ஏறக்குறைய பாதி போரில் அழிந்தன. எந்தக் கொடியின் கீழ் ஓடினாலும் அந்தத் தளத்தில் நின்றவரின் முழங்கால் மடிப்பு ஒன்றுதான். இந்த விஷயத்தில் இரு தரப்பு மாலுமிகளையும் ஒரே மரியாதையோடு பார்க்கவே எனக்குத் தோன்றுகிறது.

கேபிள் வந்தது, சுத்தியல் வந்தது; சரக்குக் கப்பலின் வேலை முடிந்தது என்று கடற்படைகள் நினைத்திருக்கக்கூடும். 1944 ஜூனில் நார்மண்டி கரையோரம் ஜெர்மனி அழுத்தக் கண்ணியை இறக்கியது. கப்பல் ஒன்று கடந்துபோகும்போது அடியில் நீரின் அழுத்தம் சற்றுக் குறைகிறது. கண்ணி அந்தக் குறைவை உணர்ந்து வெடிக்கும். காந்தத்தைப் போலியாகச் செய்யலாம், ஓசையைப் போலியாகச் செய்யலாம். பல ஆயிரம் டன் நீரைத் தள்ளிக்கொண்டு போகும் கப்பலின் அழுத்தத்தை, கப்பல் இல்லாமல் எப்படி உண்டாக்குவது? மெதுவாகப் போனால் அழுத்த மாற்றம் குறையும் என்பதால் கப்பல்களை ஊர்ந்து போகச் சொன்னார்கள். வாருவதற்கு நம்பத்தக்க கருவி எதுவும் கிடைக்கவில்லை.

1945இல் அமெரிக்க பி-29 விமானங்கள் ஜப்பானின் நீரிணைகளிலும் துறைமுகங்களிலும் 12,000க்கும் மேற்பட்ட கண்ணிகளைப் போட்டன. ஷிமோனோசெகி நீரிணை அவற்றின் முக்கிய இலக்குகளில் ஒன்று. போட்ட கண்ணிகளில் அழுத்தக் கண்ணிகளும் இருந்தன. போர் முடிந்த பின் அந்தப் பாதைகளில் காந்தக் கேபிள்களை இழுத்து, ஒலிக்கருவிகளை இரைய வைத்து வாரினார்கள். அதன் பிறகும் பாதை திறந்துவிட்டது என்று சொல்லக் கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. நிஜமான பெரிய சரக்குக் கப்பல் ஒன்றைத் தேர்ந்து, எஞ்சின் அறையில் முடிந்தவரை ஆளைக் குறைத்து, மற்றவர்களை மேலே நிறுத்தி, வாரி முடித்த பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். கப்பலின் நீளமும் அகலமும் எடையுமே அங்கே கருவி. அந்தக் கப்பல் உயிரோடு திரும்பினால்தான் மற்றக் கப்பல்களுக்கு வழி விட்டார்கள்.